ஃபவுண்டேஷனா, டியூனா?

அறிவியல் புனைவு ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இந்தச் சண்டை வரும். ஐசக் அசிமோவின் ஃபவுண்டேஷன் 1942 முதல் இதழ்க் கதைகளாக வந்து 1951இல் நூலானது. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் டியூன் வெளிவந்தது 1965இல். அடுத்த ஆண்டே இரண்டும் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது வாங்கின: டியூனுக்குச் சிறந்த நாவல் (இன்னொரு நாவலோடு பகிர்ந்து), ஃபவுண்டேஷனுக்கு எக்காலத்திற்குமான சிறந்த தொடர்.

ஃபவுண்டேஷனின் பலம் அதன் கரு. பேரரசு விழப்போகிறது, பின்வரும் 30,000 ஆண்டு இருளை 1,000 ஆண்டாகச் சுருக்க கணித மேதை ஹாரி செல்டன் கணக்குப் போடுகிறார். படிக்கும்போது சிலிர்த்துவிடும். ஆனால் மனிதர்கள்? அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். முதல் நூலில் பெண்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. அது எனக்குப் பெரிய குறை.

டியூனில் உலகமே தோலில் உறைக்கும். அராக்கிஸ் என்னும் கோளின் பாலைவனத்தில் வியர்வையையும் மூச்சின் ஈரத்தையும் சேமித்துக் குடிநீராக்கும் உடை அணிகிறார்கள். அந்தப் பாலைவனத்து மக்களான ஃப்ரெமன்களின் தலைவன் ஸ்டில்கர், கோளை ஆள வந்த பிரபுவின் மேசையில் துப்புகிறான். காவலர்கள் பதறுகிறார்கள், ஆனால் அது அவமதிப்பல்ல, உடலின் நீரைத் தரும் மரியாதை! ஒரு துப்பலில் ஒரு பண்பாடே விளங்கிவிடுகிறது. கதாநாயகனின் அம்மா ஜெசிகா மாதிரி ஒரு தாயை அசிமோவிடம் தேடினாலும் கிடைக்காது.

டியூனின் முதல் நூறு பக்கம் கடினம்தான், ஒப்புக்கொள்கிறேன். புதுச் சொற்கள் கொட்டும்; பின்னிணைப்பு அகராதியை அடிக்கடி புரட்ட வேண்டும். வில்லன் ஹார்கோனனும் ரொம்பத் தட்டையானவர்.

சரி, புதிதாகத் தொடங்குபவர் ஃபவுண்டேஷனை எடுக்கலாம், சீக்கிரம் முடியும். திரும்பத் திரும்பப் படிக்க என் கை போவது டியூனுக்குத்தான்.