எப்போதும் சார்ஜரில் கிடக்கும் டேப்லெட்: பேட்டரிக்கு எது நல்லது?

மச்சான் மருந்துக் கடை வைத்திருக்கிறார். கடையில் பில் போட ஒன்று, வீட்டில் பிள்ளை படிக்க ஒன்று என்று ஒரே மாடலில் இரண்டு டேப்லெட் ஒரே நாளில் வாங்கினார். கடையில் இருந்தது இரண்டு வருஷம் சார்ஜர் ஒயரை விட்டுப் பிரியவே இல்லை. வீட்டில் இருந்தது தினமும் இருபது சதவீதம் வரை இறங்கும், ராத்திரி ஏறும். போன சித்திரையில் கடை டேப்லெட்டின் திரை ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. வீட்டில் இருப்பது இன்னும் ஓடுகிறது. சார்ஜ் முன்னைவிடக் கொஞ்சம் சீக்கிரம் தீர்கிறது, அவ்வளவுதான்.

“அப்போ சொருகியே வச்சதுதான் தப்பு, இல்லையா?” என்றார். பாதி சரி. கடை டேப்லெட்டை அவர் மாட்டியிருந்தது இன்சுலின் வைக்கும் ஃப்ரிட்ஜின் பக்கச் சுவரை ஒட்டி. கை வைத்தால் சுடும் இடம் அது. ‘30 டிகிரிக்குக் கீழ் வைக்கவும்’ என்று அச்சடித்த அட்டைகளெல்லாம் அலமாரியில் பத்திரமாக இருந்தன. அதே பத்தியம் தேவைப்பட்ட டேப்லெட் மட்டும் சூட்டில் தொங்கியது. ஆகவே இதை நேர்மையான சோதனை என்று சொல்ல முடியாது. ஒன்றுக்கு முழு சார்ஜும் சூடும் சேர்ந்து வாய்த்தன, இன்னொன்றுக்கு இரண்டும் இல்லை.

‘ஓவர் சார்ஜ் ஆகிவிடும்’ என்ற பயத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். லித்தியம் அயான் பேட்டரி நிறைந்ததும் கருவியே மின்னோட்டத்தை நிறுத்திவிடும். கொஞ்சம் இறங்கினால் மறுபடி நிரப்பும். சிக்கல் நிரம்பி வழிவதில் இல்லை, நிரம்பிய நிலையிலேயே மாதக்கணக்கில் நிற்பதில்தான் இருக்கிறது. முழு சார்ஜில் பேட்டரி செல்லின் மின்னழுத்தம் 4.2 வோல்ட், புதிய வகைகளில் 4.35, 4.4 வரை போகும். அந்த உச்சத்தில் உள்ளே இருக்கும் திரவம் மின்முனைகளோடு மெல்ல வினைபுரிந்துகொண்டே இருக்கும். கொள்ளளவு குறையும், வாயு சேரும். திரையைத் தூக்கியது அந்த வாயுதான்.

பேட்டரிகளைப் பற்றி விளக்கும் ‘பேட்டரி யுனிவர்சிட்டி’ இணையதளத்தில் இதற்கு ஒரு அட்டவணை உண்டு. 25 டிகிரியில் ஒரு வருஷம் சும்மா வைத்த பேட்டரி, 40 சதவீத சார்ஜில் இருந்தால் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும். முழு சார்ஜில் இருந்தால் 80தான். 40 டிகிரியில் அதே கணக்கு 85, 65. இதில் எனக்கு உறைத்தது வேறு: வெயிலில் பாதி சார்ஜோடு கிடந்தது, குளுமையில் முழு சார்ஜோடு கிடந்ததைவிட நன்றாக இருக்கிறது. இது எடுத்து வைத்த பேட்டரிக்கான கணக்கு. ஓடும் கருவியில் எண்கள் மாறும். ஆனாலும் முழு சார்ஜும் சூடும் கூட்டுச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 65 போதும்.

சரி, வேறு என்ன வழி?

தினமும் இறக்கி ஏற்றுவது வீட்டுக்குச் சரி. சுழற்சிகள் (மொத்தம் 100 சதவீத சார்ஜைச் செலவழித்தால் ஒரு சுழற்சி) கூடும், ஆனால் அதைக் கருவி தாங்கும். 1000 முழு சுழற்சிகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஐபேடுக்கு ஆப்பிள் சொல்கிறது. கடைக்கு இது ஒத்துவராது. சாயங்காலம் ஏழு மணிக் கூட்டத்தில் பில் போடும் கருவி அணைந்தால், மச்சான் பேட்டரி ஆயுளைப் பற்றியா யோசிப்பார்?

அடுத்தது, குறித்த நேரம் மட்டும் சார்ஜருக்கு மின்சாரம் விடும் டைமர். கால் மணி நேரக் கணக்கில் முள்ளை அழுத்தி வைக்கும் 24 மணி நேர டைமர் எலக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கும். ஒரு நாளைக்கு ஒரு முறை 40 சதவீதத்திலிருந்து 80க்கு ஏற்றினால் 0.4 சுழற்சி. வருஷத்துக்கு 146. ஆயிரத்தைத் தொட ஏழு வருஷம் கிட்ட ஆகும், அதற்குள் டேப்லெட்டே பழசாகிவிடும். கணக்கு அழகுதான். ஆனால் கரண்ட் போனால் இந்த டைமரும் நின்றுவிடும், போன நேரம் அளவுக்குப் பின்தங்கி ஓடும். மாதத்துக்கு இரண்டு முறை திருத்தி வைக்கப் பொறுமை வேண்டும். வைஃபை ஸ்மார்ட் பிளக்கில் அந்தத் தொல்லை இல்லை. 80 ஆனதும் மணி அடிக்கும் அக்யூபேட்டரி போன்ற செயலிகள் சார்ஜை நிறுத்துவதில்லை, நம்மை எழுப்பிவிடும். எழுந்து போய்க் கழற்ற வேண்டியது நாம்தான்.

என் ஓட்டு, கருவியிலேயே 80 சதவீத வரம்பு வைத்துவிட்டுச் சொருகியே விடுவதற்கு. சாம்சங்கில் முன்பு 85ஆக இருந்த வரம்பு, அதன் மென்பொருளான ஒன் யுஐயின் 6.1 பதிப்பில் ‘மேக்சிமம்’ என்ற தேர்வில் 80 ஆனது. ஐபேடில் 2024இல் வந்த எம்4 ப்ரோ, எம்2 ஏர் மாடல்கள் முதல் இந்த வரம்பு இருக்கிறது. பழையவற்றில் தேடிப் பயனில்லை. 80இல் நிறுத்தினால் செல்லின் உச்ச மின்னழுத்தமும் குறையும்; அதை 0.1 வோல்ட் குறைத்தாலே சுழற்சி ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக்கணக்கு. கரண்ட் போனாலும் 80 சதவீதம் கையில் இருக்கிறது, ஒரு சாயங்கால வியாபாரத்துக்கு அது தாராளம். சாம்சங்கில் ‘அடாப்டிவ்’ என்று இன்னொரு தேர்வும் கண்ணில் படும். அது நீங்கள் எப்போது கழற்றுவீர்கள் என்று கணித்து, அதற்குச் சற்று முன்பு நிரப்பும். கழற்றவே கழற்றாத டேப்லெட்டில் அது எதைக் கணிக்கும்?

பேட்டரியே இல்லாமல் ஓடும் வகையும் உண்டு. 2020இல் வந்த சாம்சங் டேப் ஆக்டிவ்3இல் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு நேரடி மின்சாரத்தில் ஓட்டலாம். உப்புவதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது. ஆனால் இன்வர்ட்டர் இல்லாத கடையில் கரண்ட் போகும் நொடியில் பாதி போட்ட பில்லோடு அணைந்துவிடும்.

வேகமான சார்ஜரா, பழைய சார்ஜரா என்பதைப் பலர் பெரிய விஷயமாகப் பேசுகிறார்கள். நாள் முழுக்கச் சொருகி வைப்பவருக்கு வேகம் தேவையில்லை, மெதுவான சார்ஜரில் சூடும் குறைவு. ரொம்பவும் சிறிய 5 வாட் சார்ஜர் மட்டும் வேண்டாம். திரை முழு வெளிச்சத்தில் இருந்தால், சொருகியிருக்கும்போதே சார்ஜ் இறங்கக்கூடும்.

மச்சான் புது டேப்லெட்டில் 80 வரம்பு போட்டு, ஃப்ரிட்ஜுக்கு எதிர்ப்பக்கச் சுவரில் மாட்டினார். தடித்த ரப்பர் உறையையும் கழற்றச் சொன்னேன். கீழே விழுமே என்று அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. உப்பியதை ஒரு பையன் விரலால் அழுத்தித் திரையை உட்கார வைக்கப் பார்த்தான். நல்ல வேளை, தடுத்துவிட்டோம். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். அதை மறுபடி சார்ஜில் போடாமல், அன்றே சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட்டு வந்தோம்.