ஹீட்டர் கோர்: மாற்றுவதா, பைபாஸ் செய்வதா?

கோலாலம்பூரில் காடி ஓட்டும் நம்மில் பலருக்கு ஹீட்டர் என்று ஒன்று காடிக்குள் இருப்பதே நினைவில் இருக்காது. டேஷ்போர்டுக்குள் சளசளவென்று தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும்போதுதான் அது ஞாபகத்துக்கு வரும். என் பழைய ஜப்பானிய செடானில் அந்தச் சத்தம் வந்து, முன் இருக்கைக் கம்பளமும் நனையத் தொடங்கியபோது பட்டறை ஃபோர்மன் (மெக்கானிக்) அண்ணன் இரண்டு வழி சொன்னார். காடிக்குள் சூடு தரும் பாகமான ஹீட்டர் கோரை மாற்றலாம். இல்லையென்றால் அதற்குப் போகும் இரண்டு ஹோஸையும் எஞ்சின் பக்கமே இணைத்து பைபாஸ் செய்துவிடலாம். நான் பைபாஸ் செய்தேன். இன்று யார் கேட்டாலும், நம் ஊரில் ஓடும் பழைய காடிக்கு அதையே சொல்வேன்.

அதற்கு முன்னால் சத்தத்தைப் பிரித்துக் கேட்க வேண்டும். ஃபேன் வேகத்தைக் கூட்டக் கூட்டக் கூடும் கிறீச் சத்தம் ப்ளோவர் மோட்டாருடையது. அதற்குள் சருகு விழுந்திருந்தால் சரசரக்கும். குளிர், சூடு குமிழைத் திருப்பும்போது ‘டக் டக்’ என்றால் காற்றுக் கதவை அசைக்கும் சின்ன மோட்டாரின் பல் தேய்ந்திருக்கும். இவற்றுக்கும் ஹீட்டர் கோருக்கும் சம்பந்தமில்லை. ஸ்டார்ட் செய்தவுடனும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் குடத்துத் தண்ணீர் சரிவதுபோல் கேட்டால்தான், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டுக்குள் காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஹீட்டர் கோர் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினிலிருந்து சூடான கூலன்ட் ஒரு ஹோஸில் வந்து இன்னொன்றில் திரும்புகிறது. கூலன்ட் குறைந்தால் காற்று அங்கே தங்கிவிடும். எனவே முதலில் செய்ய வேண்டியது காற்றை வெளியேற்றுவது. எஞ்சின் ஆறியிருக்கும்போது, காடியின் மூக்கு மேலே பார்க்கும்படி சரிவில் நிறுத்தி, குமிழை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாகக் கூலன்ட் ஊற்றி, ரேடியேட்டர் ஃபேன் சுற்றும்வரை எஞ்சினை ஓடவிட வேண்டும். சத்தம் போய்விட்டு மறுபடி வந்தால் கூலன்ட் எங்கோ வெளியேறுகிறது. கம்பளத்தைத் தொட்டுப் பாருங்கள். வாசமில்லாத தெளிந்த தண்ணீர் என்றால் ஏர்கோன் வடிகால் குழாய்தான் அடைத்திருக்கும். இனிப்பு வாசமும் பிசுபிசுப்பும் இருந்து, கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலம்போல் படிந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது.

ரேடியேட்டரில் ஊற்றும் ஒழுகல் அடைப்பு மருந்து மூன்றாவது வழி. ஹீட்டர் கோரின் குழாய்கள் மெல்லியவை. ஓட்டையை அடைக்கும் பொருள் அவற்றையும் அடைக்கும், ரேடியேட்டரையும் விட்டுவைக்காது. வேண்டாம்.

மாற்றுவதில் உள்ள நல்லது எளிது: காடி தயாரித்தபோது இருந்தபடியே இருக்கும். சாமானும் கிடைக்கும், புதிதாகவோ, பழைய காடிகளின் பாகங்கள் விற்கும் ஹாஃப்கட் கடையிலோ. ஆனால் செலவு சாமானில் இல்லை. பல காடிகளில் டேஷ்போர்டு முழுவதையும் கழற்றினால்தான் கோரைத் தொட முடியும். பேட்டரியைக் கழற்றி ஏர்பேக் இணைப்பைப் பிரிக்க வேண்டும், ஸ்டியரிங் தண்டை இறக்க வேண்டும். சில காடிகளில் ஏர்கோன் வாயுவை வெளியே எடுத்து, குளிர்விக்கும் காயிலோடு சேர்த்து ஹீட்டர் பெட்டியையே இறக்க வேண்டும். கூலி சாமான் விலையைப் பல மடங்கு தாண்டும்.

கூலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக்கின் நிலைதான் என்னைத் தடுத்தது. திறந்த வெளியில் நின்று வருடக் கணக்காக நம் ஊர் வெயில் தின்ற டேஷ்போர்டின் கிளிப்புகள் கையில் எடுக்கும்போதே உடையும். காற்றுக் குழாய் மூட்டுகளில் ஒட்டியிருக்கும் பஞ்சு பொடியாகிக் கொட்டும். எவ்வளவு கவனமான ஃபோர்மனாக இருந்தாலும் உடைந்த கிளிப்பை ஒட்டவைத்துத்தான் திரும்ப மாட்ட முடியும். அதற்குப் பிறகு ஜாலான் கிள்ளான் லாமாவின் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் டேஷ்போர்டு கடகடக்கும். ஒரு சத்தத்தை நிறுத்தக் காசு கொடுத்துவிட்டு, எங்கிருந்து வருகிறது என்றே கண்டுபிடிக்க முடியாத பல சத்தங்களை வாங்கி வருவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பைபாஸுக்குச் சூடு தாங்கும் ஒரு நல்ல ஹோஸும் இரண்டு கிளிப்பும் போதும். ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்: இரண்டு முனைகளையும் அடைக்கச் சொல்லாதீர்கள். வளைந்த ஹோஸால் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். சில எஞ்சின்களில், ரேடியேட்டருக்குக் கூலன்ட் போவதைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது கூலன்ட் சுற்றுவதற்கு அந்த வழி தேவை. அடைத்தால் எஞ்சின் சூடு சீராக இருக்காது. பழைய ஹோஸ்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் பிறகு எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாற்றலாம். இன்னொரு பயனும் உண்டு. பைபாஸ் செய்து காற்றை வெளியேற்றிய பிறகும் கூலன்ட் குறைந்தால் கோர் மட்டுமே காரணமில்லை. உடனே எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீல மருந்து மஞ்சளாக மாறினால் எஞ்சின் புகை கூலன்ட்டில் கலக்கிறது. அப்போது ஹீட்டரைப் பற்றிப் பேசவே நேரமில்லை.

இழப்பது என்ன? மழை இரவில் ஏர்கோன் குளிரோடு கொஞ்சம் சூட்டைக் கலந்து இதமாக வைக்க முடியாது. ஃபேனைத்தான் குறைக்க வேண்டும். கெந்திங் மலை ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் ஏறினால், ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து எஞ்சினை ஆற்றிக்கொண்டே ஓரம் கட்டும் அவசர உபாயமும் போய்விடும். கேமரன் மலையில் (அங்குள்ள தானா ராத்தா நகரம் சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது) கண்ணாடி பனிக்குமே என்று கேட்பார்கள். உட்புறப் பனியை ஏர்கோனே எடுத்துவிடும், ஏனென்றால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. குளிருக்கு ஜாக்கெட் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கீழே கோலாலம்பூரில் மழை நேரத்தில் பனிப்பது பெரும்பாலும் கண்ணாடியின் வெளிப்புறம். அதற்கு வைப்பர் போதும்.

நான் சொல்வதெல்லாம் குமிழைக் கையால் திருப்பும் ஜப்பானியக் காடியை வைத்து. தானியங்கி ஏர்கோன் உள்ள ஐரோப்பியக் காடிகளில் என் அனுபவம் குறைவு. அவற்றில் சிலவற்றில் கோர் நன்றாகவே இருந்து, குழாய் சேரும் இடத்து ரப்பர் வளையம் மட்டும் ஒழுகும் என்பதால் அதை முதலில் பார்க்கச் சொல்வது நல்லது. அடிக்கடி குளிர் நாட்டுப் பக்கம் காடியிலேயே போகிறவர்களும் கோரை மாற்றிக்கொள்ளட்டும்.

எனக்கும் ஒரு சூழலில் மாற்றுவதே சரி. ஏர்கோன் காயில் ஒழுகி, எப்படியும் டேஷ்போர்டைக் கழற்றியே ஆகவேண்டிய நாள் வந்தால், அதே கூலியில் புதுக் கோரையும் போட்டுவிடச் சொல்வேன்.