மாசசூசெட்ஸ் ப்ரொபேட் அண்ட் ஃபேமிலி கோர்ட்: வக்கீல் இல்லாம போறவங்களுக்கு

அத்தை தவறினதுக்கப்புறம் அவங்க பேர்ல பேங்க்ல கொஞ்சம் பணம் கிடந்துச்சு, அத எடுக்க அத்தை பையனுக்குத் துணையா இந்த கோர்ட்டுக்குப் போனேன். எந்த கவுண்டின்னு (நம்மூர் மாவட்டம் மாதிரி) சொல்லல, கவுண்ட்டர்ல இருந்தவங்க நல்ல மாதிரிதான் நடந்துக்கிட்டாங்க, ஆனா ஃபோன் பண்ணா மட்டும் யாரும் எடுக்கவே மாட்டாங்க, நேர்லயே போயிடுங்க.

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல 14 கவுண்டி, ஒவ்வொண்ணுக்கும் இந்த கோர்ட் உண்டு. டைவர்ஸ், குழந்தை யார்கிட்ட இருக்கணும், மாசாமாசம் செலவுக்குப் பணம், தத்து, பேர் மாத்தறது, உயில், வயசானவங்களுக்கு கார்டியன், கூட்டா வாங்கின வீட்டப் பாகம் பிரிக்கறதுன்னு எல்லாம் இங்கதான், வீட்டுக்குள்ள தீராத எதுவா இருந்தாலும் கடைசில இந்த வாசலுக்குத்தான் வரணும்.

எங்களுக்கு வாலன்டரி அட்மினிஸ்ட்ரேஷன்னு ஒரு சின்ன வழி இருந்துச்சு. இறந்தவங்க பேர்ல வீடு நிலம் இருக்கக்கூடாது, காரைத் தவிர மத்ததெல்லாம் 25,000 டாலருக்குள்ள இருக்கணும், இறந்து 30 நாள் ஆகியிருக்கணும், அவ்வளவுதான், ஃபுல் ப்ரொபேட், அதாவது இறந்தவங்க சொத்த கோர்ட் மூலமா முறையா பைசல் பண்ற பெரிய வழி, போட வேண்டாம். இதுல நிறைய பேர் கோட்டை விடற விஷயம், மாஸ்ஹெல்த்துக்கு (மாநில அரசோட மருத்துவ இன்சூரன்ஸ்) கோர்ட்டுக்குப் போடற ஃபாரத்தோட ஒரு காப்பி செர்டிஃபைட் மெயில்ல (பதிவுத் தபால் மாதிரி) அனுப்பணும், இறந்தவங்களுக்கு மாஸ்ஹெல்த் வைத்தியச் செலவு பண்ணியிருந்தா அதத் திருப்பிக் கேக்கற உரிமை இருக்காம். அத்தை அந்த இன்சூரன்ஸ்லயே இல்லையேன்னு நீங்க வாதாடினாலும் அனுப்பித்தான் ஆகணும்.

கவுண்ட்டர்ல "இந்தக் கட்டத்துல என்ன எழுதட்டும்"னு கேட்டா சட்ட ஆலோசனை தரமுடியாதுன்னுடுவாங்க, கோவப்படாதீங்க, அது அவங்களுக்கு ரூல். அதுக்குத்தான் சில கோர்ட்டுல கோர்ட் சர்வீஸ் சென்டர்னு வச்சிருக்காங்க, ஃபாரம் நிரப்ப கூட உக்காந்து உதவி பண்றாங்க, காசு கிடையாது. இந்த மொத்த இடத்துலயும் எனக்குப் பிடிச்சது அதுதான். லாயர் ஃபார் த டேன்னு சில நாள்ல வக்கீலும் இலவசமா கிடைப்பாங்க, சீக்கிரம் போய் பேர் குடுத்துடுங்க.

டைவர்ஸுக்குப் போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. வருமான விவரம் எழுதற ஃபாரம் வருஷத்துக்கு 75,000 டாலருக்குக் கீழன்னா பிங்க் கலர், அதுக்கு மேலன்னா பர்ப்பிள், கலர் மாத்தி எடுத்துட்டு வந்து கவுண்ட்டர்ல முழிச்சவர அன்னைக்கே பாத்தேன். ரெண்டு பேரும் சம்மதிச்சு போட்டாலும் ஜட்ஜ் ஓகே சொன்ன நாள்லேர்ந்து 120 நாள் கழிச்சுத்தான் டைவர்ஸ் முழுசா செல்லும், அதுக்குள்ள அடுத்த கல்யாணத்துக்கு மண்டபம் பாக்க ஆரம்பிச்சிடாதீங்க.

டெத் சர்டிஃபிகேட் சாதா ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போனா செல்லாது, முத்திரை போட்ட காப்பிதான் வேணும், அதுவும் நாலஞ்சு சேர்த்தே வாங்கி வச்சுக்குங்க, கோர்ட்டுக்கு ஒண்ணு குடுத்து முடிச்சா பேங்க்காரன் அவனுக்கு ஒண்ணு கேப்பான்.