தேக்கு என்று சொல்லிக் கொடுத்த பலகை: வேலூரில் மரம் வாங்குவோர் கவனத்துக்கு

வேலூர், காட்பாடி பக்கம் தேக்குப் பலகை வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 1,800 ரூபாயும் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளும் போயின. என் மகளுக்கு ஒரு நல்ல ஓவியம் போனது.

அவள் ஒன்பதாவது படிக்கிறாள். வாட்டர்கலர் டியூப், போஸ்டர் கலர் புட்டி, தூரிகை எல்லாம் பிஸ்கட் டப்பாவிலும் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியிலும் கிடந்தன. தூரிகைகளின் முனை மடங்கி வீணாகிக்கொண்டிருந்தது. அப்பாவின் இழைப்புளி, உளி, மூலைமட்டம் பரணில் இருந்தன. நானே ஒரு பெட்டி செய்கிறேன் என்று இறங்கினேன். 16 அங்குல நீளம், 11 அங்குல அகலம், 6 அங்குல உயரம். அடியில் ஏ4 தாள் மடங்காமல் படுக்க வேண்டும், மேலே டியூப் அடுக்கத் தனியாகத் தூக்கி எடுக்கும் ஒரு தட்டு. வண்ணப் பெட்டி என்பதால் தண்ணீர் படாமல் இருக்காது, அதனால் தேக்குதான் என்று முடிவு செய்தேன்.

மரக்கடையில் இரண்டு பலகைகளைக் காட்டினார்கள். இழைத்து, வழவழவென்று, அழகான பழுப்பு நிறம். "நிலம்பூர் தேக்குக்கா, நல்லா வைரம் பாஞ்சது" என்றார் கடைக்காரர். வைரம் என்றால் மரத்தின் நடுவில் இருக்கும் கெட்டியான பகுதி. 6 அங்குல அகலம், 1 அங்குலக் கனம், இரண்டும் சேர்த்து 12 அடி. மரத்துக்குக் கணக்கு இதுதான்: அகலமும் கனமும் அங்குலத்தில், நீளம் அடியில், மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 72-ஐ 144-ஆல் வகுத்தால் அரை கன அடி. கன அடி 3,600 வீதம் 1,800 கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து டேப் வைத்தால் கனம் 6 நூல்தான் இருக்கிறது. அங்குலத்துக்கு 8 நூல். இழைப்பில் ஒரு நூல் போகும், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நூல் எப்படிப் போகும்? இருக்கிற கனத்துக்குக் கணக்குப் போட்டால் 1,350 ரூபாய்தான். அன்றே திரும்பிப் போயிருக்க வேண்டும். வேலை ஆர்வத்தில் விட்டுவிட்டேன்.

அறுத்தபோது உள்ளே மரம் வெளுத்து இருந்தது. சந்தேகப்பட்டு போன் செய்தேன். "தேக்கு அப்படித்தான்க்கா, வெயில் பட்டா நிறம் ஏறும்" என்றார். புதிதாக அறுத்த தேக்கு நாளாக ஆக நிறம் மாறும் என்பது உண்மைதான். அந்த உண்மையைச் சொல்லித்தான் என் வாயை அடைத்தார்கள்.

ஏப்ரல் லீவில் மகள் வேலூர்க் கோட்டையை வரைந்தாள். அகழித் தண்ணீருக்கு மட்டும் மூன்று நாள், நீலத்தின் மேல் நீலமாக மெல்லிசாக ஏற்றிக்கொண்டே வந்தாள். பெட்டி மூடியின் மேல் தாளை வைத்துத்தான் தீட்டுவாள். ஒருநாள் கிண்ணத்துத் தண்ணீர் தளும்பித் தாளுக்கு அடியில் போய்விட்டது. தாளைத் தூக்கினால் மூடியிலிருந்த பழுப்பு ஊறி அகழி முழுவதும் ஏறியிருந்தது. நனைந்த வெள்ளைத் துணியால் மூடியைத் துடைத்தேன். துணி டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. மகள் ஒன்றும் பேசவில்லை. தாளைக் காயவைத்து மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

பெட்டியின் அடிக்கு மரைன் பிளை, அதாவது தண்ணீர் தாங்கும் பிளைவுட், என்று அதே கடையில் கொடுத்த துண்டும் அந்த ஈரத்தில் ஓரம் பிரிந்தது. மரைன் பிளைக்குத் தர எண் ஐஎஸ் 710, சாதாரண பிளைக்கு ஐஎஸ் 303. முழு ஷீட்டில் அந்த முத்திரையைக் கண்ணால் பார்த்த பிறகு வெட்டச் சொல்லுங்கள். வெட்டி வைத்த துண்டில் எதுவும் தெரியாது.

ஐப்பசியில் பெட்டிக்கு அடியில் மைதா மாவு போல நைசான தூள் கொட்டியிருந்தது. பலகையில் குண்டூசி குத்தியது போல ஓட்டைகள். தெரிந்த வயதான ஆசாரி ஒருவரிடம் எடுத்துப் போனேன். ஓரத்தை உளியால் சீவி மூக்கருகே வைத்துப் பார்த்தார். "இது மாமரம்மா. சாயம் பூசிக் கொடுத்திருக்கான். மருந்தும் போடல, அதான் உளுத்துக் கொட்டுது" என்றார்.

தேக்கைச் சீவினால் எண்ணெய்ப் பிசுக்கோடு லேசாகத் தோல் வாடை வரும். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்துக்காரர்களுக்குத் தோல் வாடையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பலகையின் குறுக்கு வெட்டில் வருட வளையம் கண்ணுக்கே தெரியும். எடையை நம்ப வேண்டாம், மாமரமும் ஏறக்குறைய அதே எடைதான். மரத்தின் வெளுத்த பகுதியில் மாவுச்சத்து இருக்கும், அதைத் தின்னத்தான் வண்டு வருகிறது. வைரத்தில் அவ்வளவாக ஏறாது.

மாமரத்தை நான் குறை சொல்லவில்லை. மாமரம் என்று சொல்லி, மருந்து போட்டு, அதற்குரிய விலையில் கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

கடைக்குப் போனேன். "பாத்துத்தானே வாங்கினீங்க?" என்ற ஒரே பதில். கையில் இருந்தது 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச்சீட்டு. கடைப் பெயர் இல்லை, தேக்கு என்ற சொல் இல்லை, 'பலகை 2' என்று மட்டும் எழுதியிருந்தது. போனில் புகார் சொல்ல 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எந்தக் கடையில் என்ன வாங்கினேன் என்று நான் எப்படிக் காட்டுவது? மர வகை, அளவு, கன அடி மூன்றையும் எழுதிய ஜிஎஸ்டி பில் தராவிட்டால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வீட்டு நிலைக்கும் கட்டிலுக்கும் வண்டு பரவும் முன் பெட்டியை அடுப்புக்குக் கொடுத்துவிடச் சொன்னார் ஆசாரி. கீல்களையும் கொண்டியையும் கழற்றி வைத்துக்கொண்டேன். பழைய வீடு இடித்த இடத்தில் எடுத்த தேக்குச் சட்டம் ஒன்று அவரிடம் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சீவிப் பார்த்து வாங்கப் போகிறேன்.