ரிங்கர் வாரண்டி: ஜாப் ஷீட் வாங்காமல் போனைக் கொடுக்காதீர்கள்

வாங்கிப் பத்தாவது மாதத்தில் ரிங்கர் (ரிங்டோன் ஒலிக்கும் ஸ்பீக்கர்) கரகரக்க ஆரம்பித்த போன் அது. பில் பத்திரமாக இருந்தது, கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. உரிமையாளர் முறைப்படி கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குத்தான் போனார். ஆனால் ஜாப் ஷீட், அதாவது போனையும் பழுதையும் பதிந்து தரும் சீட்டு, போடவில்லை. "சாஃப்ட்வேர் பிரச்சினைதான் சார், இதுக்கு ஜாப் ஷீட்லாம் எதுக்கு, பத்து நிமிஷம் உட்காருங்க" என்று கவுண்டரிலேயே அப்டேட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் மறுபடி கரகரப்பு. அடுத்த முறை ஃபேக்டரி ரீசெட் செய்தார்கள், குழந்தையின் போட்டோக்கள் எல்லாம் போயின. ரிங்கர் முற்றிலும் ஊமையானபோது வாரண்டி முடிந்திருந்தது. "நீங்க முன்னாடி வந்ததா சிஸ்டத்துல எதுவுமே இல்லையே சார். உள்ளே தண்ணி போயிருக்கு, போர்டு மாத்தணும்" என்று போன் விலையில் பாதிக்கு எஸ்டிமேட் நீட்டினார்கள்.

அதே போனைப் பிறகு வேறொரு பழுது பார்க்கும் மேசையில் பிரித்தபோது, சப் போர்டில் (சார்ஜிங் பின் பக்கம் உள்ள சிறிய சர்க்யூட் பலகையில்) நீர் பட்டால் வரும் பச்சை பூத்த இடம் ஒன்றுகூட இல்லை. நீர் பட்டால் சிவக்கும் ஸ்டிக்கர் வெள்ளையாகவே இருந்தது. ரிங்கரின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால் 8 ஓமுக்கு ஒட்டிய அளவு வர வேண்டும். ஓப்பன், அதாவது இணைப்பே இல்லை என்று காட்டியது. ரிங்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயில் அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். முதலில் விட்டு விட்டுக் கரகரத்து, பிறகு ஒரேயடியாக அடங்கிப்போவது காயில் கம்பி நைந்து அறும்போது வழக்கமாகக் காணும் போக்கு. சில நூறு ரூபாய் பாகம். வாரண்டிக்குள் இலவசமாக மாற்றித் தந்திருக்க வேண்டியது.

அவருக்கு நடந்த அநியாயத்தின் வேர் அந்த முதல் நாள் கவுண்டரில் இருக்கிறது. ஜாப் ஷீட் போடாத வரை, கம்பெனியின் கணக்கில் அந்தப் புகார் வரவே இல்லை. வாரண்டி காலத்துக்குள் எழுத்தில் பதிவான பழுது, சரியாகத் தீர்க்கப்படாமல் காலம் கடந்தாலும் அதை வாரண்டிப் பழுதாகக் கேட்டு வாதாட இடம் உண்டு. வாய்வார்த்தைக்கு அந்த மதிப்பு கிடையாது.

சென்டருக்குக் கிளம்புமுன் பழுது ரிங்கரில்தானா என்று வீட்டிலேயே பாருங்கள். போனில் ஒலி வரும் இடம் இரண்டு. மேலே காதில் வைத்துக் கேட்பது ரிசீவர், கீழே சார்ஜிங் பின் பக்கத்தில் துளைகளுக்குள் இருப்பது ரிங்கர் எனப்படும் லவுட் ஸ்பீக்கர். டூ நாட் டிஸ்டர்ப் அணைந்திருக்கிறதா, புளூடூத் ஹெட்செட் எதிலும் இணைந்திருக்கிறதா, ஹெட்போன் படம் திரையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஹெட்போன் படம் நின்றால் கோளாறு ஜாக்கிலோ சார்ஜிங் பின்னிலோ இருக்கலாம். சாம்சங்கில் *#0*# அடித்தால் டெஸ்ட் மெனு வரும், ஷியோமியில் *#*#6484#*#*. இரண்டிலும் ஸ்பீக்கர், ரிசீவர் தனித்தனியாகச் சோதிக்கலாம். அந்த மெனுவிலும் கரகரத்தால் ஏதோ ஒரு ஆப்பின் மேல் பழி போட முடியாது.

ஸ்டீரியோ ஸ்பீக்கர் உள்ள போன்களில் ஒரு சிக்கல் உண்டு, கவுண்டரில் அதிகம் ஏமாறுவது இங்கேதான். இவற்றில் மேலே உள்ள ரிசீவரும் இரண்டாவது ஸ்பீக்கராக வேலை செய்யும். கீழ் ரிங்கர் செத்திருந்தாலும் மேலிருந்து மெல்லிய ஒலி வரும். "சவுண்ட் வருதே சார்" என்று திருப்பித் தந்துவிடுவார்கள். பாட்டை முழு வால்யூமில் ஓடவிட்டுக் கீழ்த் துளைகளை விரலால் மூடுங்கள். ஒலி கொஞ்சமும் மாறவில்லை என்றால் கீழ் ரிங்கர் வேலை செய்யவில்லை. இதை அவர்கள் கண் முன்னாலேயே செய்து காட்டுங்கள்.

விட்டு விட்டு வரும் பழுது என்றால், போனின் *#06# திரையை ஐஎம்இஐ (போனின் தனி அடையாள எண்) தெரியும்படி முதலில் காட்டி, அப்படியே நிறுத்தாமல் ரிங்டோன் கரகரப்பதை இன்னொரு போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். சென்டரில் இருக்கும் நேரத்தில் பழுது தலைகாட்டாவிட்டால் "நோ ஃபால்ட் ஃபவுண்ட்" (பழுது எதுவும் இல்லை) என்று எழுதி மூடிவிடுவார்கள். அதை மறுக்க இந்த வீடியோதான் கைகொடுக்கும்.

துளையில் தூசு இருந்தால் காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் மட்டும் தட்டிவிடுங்கள். ஊசி, சிம் பின் வைத்துக் குத்தவே குத்தாதீர்கள். துளையை மூடியிருக்கும் மெஷ் வலை கிழிந்தால் வாடிக்கையாளர் செய்த சேதம் என்று வாரண்டியை மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். ஏர் புளோயரின் அழுத்தம் ஒலிக்காக அதிரும் மெல்லிய படலமான டயஃப்ரத்தைக் கிழிக்கலாம். தின்னர் மெஷ்ஷின் பசையைக் கரைக்கும். லேத் பட்டறை, கிரைண்டிங் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: ரிங்கருக்குள் காந்தம் இருப்பதால் இரும்புத் தூள் தானாக உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ளும். பிரஷ் போட்டாலும் வராது. போனைப் பட்டறை மேசையில் மூடாமல் வைப்பதைத் தவிர்ப்பது ஒன்றே வழி.

கடையில் "நாங்களே சரி பண்ணித் தர்றோம்" என்றால் வாரண்டி முடியும்வரை கொடுக்க வேண்டாம். வெளியாள் கை வைத்தது தெரிந்தால் கம்பெனி மறுத்துவிடும். சென்டர் முகவரியைக் கம்பெனியின் சொந்த இணையதளத்திலோ ஆப்பிலோ மட்டும் தேடுங்கள். தேடுபொறியில் கண்ட எண்ணுக்கு அழைத்து, "புக்கிங்குக்குப் பத்து ரூபாய் கட்டுங்க" என்று லிங்க் அனுப்பினாலோ, திரையைப் பகிரும் ஆப்பைப் போடச் சொன்னாலோ உடனே துண்டியுங்கள். அது வங்கிக் கணக்கைக் காலி செய்யும் கும்பல்.

போனைக் கையைவிட்டுக் கொடுக்குமுன் சிம் ட்ரேயை வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பல மாடல்களில் நீர் காட்டும் ஸ்டிக்கர் அந்தத் துளைக்குள் தெரியும். வெள்ளையாக இருந்தால் அங்கேயே போட்டோ. தெரியாத மாடலானாலும் துளையைப் படம் எடுத்து வையுங்கள். ஐபி68 (நீர், தூசு தாங்கும் தர முத்திரை) போன்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள், அந்த முத்திரை இருந்தும் பெரும்பாலான கம்பெனிகள் நீர்ச் சேதத்தை வாரண்டியில் சேர்ப்பதில்லை.

ஜாப் ஷீட்டில் "சவுண்ட் ப்ராப்ளம்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். "ரிங்டோனிலும் ஸ்பீக்கர்போன் அழைப்பிலும் கீழ் லவுட் ஸ்பீக்கரில் கரகரப்பு, விட்டு விட்டு வருகிறது, ரீசெட் செய்த பிறகும் உள்ளது" என்று சொல்லி எழுத வையுங்கள். ஐஎம்இஐ, தேதி, வாரண்டி உண்டு என்ற குறிப்பு, வெளித்தோற்றம், திருப்பித் தரும் நாள் எல்லாம் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுமுன் "கீறல், டென்ட் (நசுங்கல்), நீர்ச் சேதம்" என்ற கட்டங்களில் ஏற்கெனவே டிக் அடித்திருக்கிறதா என்று நிதானமாகப் படியுங்கள். அவசரத்தில் அந்த டிக்கைக் கவனிக்காமல் ஒப்பமிட்டவர்கள் பிறகு நிரூபிக்க முடியாமல் தவிக்கிறார்கள். திரைப் பூட்டு எண்ணைக் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. புதிய சாம்சங் போன்களில் மெயின்டனன்ஸ் மோட் இருக்கிறது, பிக்சலில் ரிப்பேர் மோட். அதைப் போட்டால் உங்கள் படங்களும் செய்திகளும் மறைந்துவிடும், டெஸ்ட் வேலை மட்டும் நடக்கும். பேக்கப் எடுக்காமல் மட்டும் போகாதீர்கள்.

உள்ளே நீர் போயிருக்கிறது என்றால், "பிரித்தபடியே காட்டுங்கள்" என்று கேளுங்கள். சிவந்த ஸ்டிக்கரோ, சப் போர்டில் பச்சையோ வெள்ளையோ பூத்த இடமோ உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். காட்ட மறுத்தால் வாரண்டி மறுப்பை எழுத்தில் கேளுங்கள். ரிங்கர் பழுதுக்கு மெயின் போர்டு மாற்றுவது பெரும்பாலும் ஒலியை இயக்கும் சிப்பான ஆடியோ ஐசி போனால்தான் தேவைப்படும். புது ரிங்கர் போட்டுப் பார்த்தீர்களா என்ற கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். எஸ்டிமேட்டில் சும்மா ஒரு கையெழுத்து என்றாலும் போடாதீர்கள், அது சம்மதம் ஆகிவிடும்.

திருப்பி வாங்கும்போது, சில சென்டர்களில் ஓடிபி சொன்னால் அந்த வேலை முடிந்ததாகப் பதிவாகிவிடும். ஆகவே சோதித்த பிறகு சொல்லுங்கள். முழு வால்யூமில் ரிங்டோன், பிறகு ஸ்பீக்கர்போனில் ஒரு அழைப்பு. ஒலி தகரம்போல மெலிந்து கேட்டால் ரிங்கரைச் சுற்றி இருக்க வேண்டிய ஃபோம் இல்லாமல் மாட்டியிருக்கலாம், அல்லது டூப்ளிகேட் பாகம். சப் போர்டு பக்கம் கை வைத்திருப்பதால் மைக், வைப்ரேட்டர், சார்ஜிங் மூன்றையும் பாருங்கள். சிக்னல் கட்டங்கள் முன்பைவிடக் குறைந்திருந்தால் ஆன்டெனா கேபிளைச் சரியாக அழுத்தாமல் விட்டிருக்கலாம். ஐஎம்இஐ பழையதுதானா என்றும் பாருங்கள். மாற்றிய பாகத்தின் பெயர் சர்வீஸ் ரிப்போர்ட்டில் வேண்டும். காசு கட்டியிருந்தால் ஜிஎஸ்டி பில்லும், பாகத்துக்கான வாரண்டி எவ்வளவு நாள் என்ற குறிப்பும்.

மறுத்தால் ஜாப் ஷீட் எண்ணுடன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ மனு கொடுக்கலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, இணையத்திலும் தாக்கல் செய்யலாம். சென்டரை மட்டும் எதிர்த்தரப்பாகக் காட்டினால் அவர்கள் கம்பெனியைக் கை காட்டுவார்கள். அதனால் சென்டர், கம்பெனியின் இந்திய அலுவலகம், போனை விற்ற கடை அல்லது இணைய விற்பனையாளர் என மூவரையும் மனுவில் சேர்த்து, பில், எல்லா ஜாப் ஷீட்டுகளின் நகல், வீடியோ, சிம் ட்ரே போட்டோ இவற்றை இணையுங்கள்.