கணவாயில் மாற்றுவதா, கடலில் நடுவதா?

வெளியிடும் கரியமில வாயுவும் உறிஞ்சப்படுவதும் சமமாகும் நிலைக்கு, அதாவது நிகரச் சுழியத்துக்கு, இந்தியா வைத்திருக்கும் இலக்கு 2070. தமிழ்நாடோ அதற்கு முன்பே எட்டிவிடுவதாகச் சொல்லியிருக்கிறது. அப்படியானால் காற்றிலிருந்து இன்னும் நிறைய மின்சாரம் எடுத்தாக வேண்டும். எங்கிருந்து என்பதில்தான் இரண்டு கட்சி. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு கணவாய்களில் 1990-களில் நிறுவிய சிறிய காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுத்தலாம் என்பது ஒரு கட்சி. கன்னியாகுமரியை ஒட்டிய கடலுக்குள் இறங்கலாம் என்பது மற்றது.

நிலத்துக் கட்சிக்காரர்கள் ஒரு கவர்ச்சியான கணக்கு வைத்திருக்கிறார்கள்: 250 கிலோவாட் நின்ற இடத்தில் 3 மெகாவாட் நிற்கும், ஆக 12 மடங்கு! அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. காற்றாலைகளுக்கு இடையே ஒரு பக்கம் சுழலி விட்டத்தின் (இறக்கைகள் சுழலும் வட்டத்தின் குறுக்களவு) 5 மடங்கும் மறு பக்கம் 7 மடங்கும் இடைவெளி விடுவது வழக்கம். 30 மீட்டர் விட்டமுள்ள பழைய இயந்திரத்துக்கு 150-க்கு 210 மீட்டர் போதும். 120 மீட்டர் விட்டமுள்ள புதியதற்கு 600-க்கு 840 வேண்டும். அதாவது 16 பழைய காற்றாலைகளின் இடம். 16 சேர்ந்தால் 4 மெகாவாட். வந்து நிற்பதோ 3 மெகாவாட்!

பிறகு எதற்கு மாற்ற வேண்டும்? உயரத்துக்காக. பழைய கோபுரங்கள் 30 மீட்டர் அளவில் நிற்கின்றன. புதியவை 100 மீட்டரைத் தாண்டுகின்றன. மேலே போகப்போகக் காற்றின் வேகம் கூடும். வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். ஆடிக் காற்றில் எந்த இயந்திரமும் ஓடும். வைகாசியின் தொடக்கத்திலும் ஐப்பசியிலும் வீசும் மெல்லிய காற்றில் ஓடுவதுதான் புதியதன் பலம். முதலில் வந்தவர்கள் காற்று நன்றாக வீசும் இடங்களைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதால், மாநிலத்தின் மிகச் சிறந்த காற்று இன்று மிகப் பழைய இயந்திரங்களிடம் இருக்கிறது.

சிக்கல் அந்தப் பதினாறில் இருக்கிறது. அவை ஒருவருக்கே சொந்தமாக இருப்பது அபூர்வம். நூற்பாலைகள் தம் சொந்தத் தேவைக்காக ஒன்றும் இரண்டுமாக வாங்கி நிறுத்தியவை ஏராளம். போதாக்குறைக்கு, ஆனியில் உற்பத்தியான யூனிட்டை மின்வாரியக் கணக்கில் வைத்து மாசியில் எடுத்துக்கொள்ளும் ‘பேங்கிங்’ வசதி பழைய இயந்திரங்களுக்கு ஓராண்டு வரை உண்டு. புதியதை நட்டால் அது பறிபோகும் என்றால் எந்த ஆலை முதலாளி கழற்றுவார்? கடன் எப்போதோ அடைந்துவிட்டது. ஓடுகிறவரை ஓடட்டும் என்றுதான் இருப்பார். அவர் இடத்தில் நானும் அப்படித்தான் இருப்பேன்.

கடலில் இந்தத் தகராறு இல்லை. பட்டா இல்லை, பங்காளி இல்லை, காற்றும் நிலத்தைவிடச் சீரானது. ஆனால் செலவைப் பாருங்கள். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட திட்டத்தில், குஜராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தலா 500 என மொத்தம் 1,000 மெகாவாட்டுக்கு மானியம் மட்டுமே 6,853 கோடி ரூபாய். மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 6.85 கோடி. நிலத்தில் ஒரு மெகாவாட் காற்றாலையை முழுதாக நிறுவும் செலவே கிட்டத்தட்ட இவ்வளவுதான். கடலுக்கடியில் கேபிள், அடித்தளம் நடத் தனிக் கப்பல், பெரும் பாகங்களைக் கையாளும் துறைமுகம் என்று எல்லாவற்றையும் புதிதாக உருவாக்க வேண்டும். பட்டா இல்லாத கடலுக்கும் உரிமைக்காரர்கள் உண்டு: மீனவர்கள். வலை விரிக்கும் பாதையில் கோபுரங்கள் வருமா என்ற கேள்விக்கு வரைபடத்தோடு பதில் சொல்லாமல் அந்தக் கடலில் எதையும் நட முடியாது, நடவும் கூடாது.

என் கணிப்பில் முதல் பத்தாண்டு கணவாய்களுக்கு உரியது. அங்கே தடையாக இருப்பவை பெரும்பாலும் ஆணைகளும் ஒப்பந்தங்களும். காசு திரட்டுவதைவிட அவற்றை மாற்றுவது எளிது. பக்கத்து உரிமையாளர்கள் சேர்ந்து ஒரே நிறுவனமாக வந்தால், பழைய பேங்கிங் உரிமையைப் பழைய யூனிட் அளவுக்காவது சில ஆண்டுகள் விட்டுவைக்கலாம். கூடுதல் உற்பத்திக்குப் புதிய விதி. துணை மின்நிலையங்களை வலுப்படுத்தும் செலவை மின்வாரியம் ஏற்கட்டும். இதற்கிடையே கடலில் காற்றை அளப்பதும், தூத்துக்குடித் துறைமுகத்தைத் தயார் செய்வதும், மீனவக் கிராமங்களோடு பேசுவதும் நடந்துகொண்டிருக்கலாம்.