மகளுக்கு எந்த வழி: தாய்வழியா, தந்தைவழியா?

என் கணவர் யூதர். நான் மதுரைப் பக்கம் பிறந்தவள், மதம் மாறவில்லை. பிள்ளையை யூதராக வளர்ப்பது என்று கல்யாணத்துக்கு முன்பே பேசி முடிவு செய்திருந்தோம். மகள் பிறந்த பிறகுதான் தெரிந்தது, அவள் யூதரா இல்லையா என்பதற்கு நியூஜெர்சியில் எங்கள் ஊரிலேயே இரண்டு பதில்கள் இருக்கின்றன என்று.

முதலாவது, யூதர்களில் தாராளப் போக்குள்ள ரிஃபார்ம் பிரிவின் பதில். அம்மா, அப்பா இருவரில் ஒருவர் யூதராக இருந்தால் போதும் என்று அமெரிக்க ரிஃபார்ம் ரபிகள் (யூத மதகுருக்கள்) 1983இல் தீர்மானம் போட்டார்கள். பெயர் சூட்டல், தோரா என்ற வேதப் படிப்பு, பாத் மிட்ஸ்வா என்ற பருவச் சடங்கு என்று பிள்ளை வெளிப்படையாக யூதராகவே வளர வேண்டும், அவ்வளவுதான். வேதாகமக் காலத்திலும் அப்பாவைத்தானே பார்த்தார்கள்! யோசேப்பின் மனைவி எகிப்தியப் பெண். அவர்கள் பிள்ளைகள் எப்பிராயீமும் மனாசேயும் இஸ்ரவேல் கோத்திரங்களாகவே எண்ணப்பட்டார்கள். சடங்கு எதுவும் கூடுதலாக வேண்டியதில்லை என்பதால் என் மனசு முதலில் இந்தப் பக்கம்தான் சாய்ந்தது.

இரண்டாவது ஹலாகா, அதாவது யூத மதச் சட்டம். அம்மா யூதராக இருந்தால் பிள்ளை யூதர். அப்பா மட்டும் யூதர் என்றால் கணக்கில் வராது. பழைமை மாறாத ஆர்த்தடாக்ஸ் பிரிவும், அதற்கும் ரிஃபார்முக்கும் இடைப்பட்ட கன்சர்வேடிவ் பிரிவும் இதில் ஒன்றுதான். (தாய்வழி என்றதும் மருமக்கள்தாயத்தை நினைக்க வேண்டாம். கோஹன், லேவி என்ற குருகுலப் பிரிவுகள் இங்கேயும் அப்பா வழியாகத்தான் வருகின்றன.) இந்த வழியில் போனால் குழந்தையை மதம் மாற்ற வேண்டும்: மூன்று பேர் கொண்ட மத மன்றம், மிக்வே என்ற சடங்குக் குளத்தில் முழுக்கு.

நாங்கள் இரண்டாவதையே எடுத்தோம். அவள் பெண் பிள்ளை என்பதுதான் காரணம். மகனாக இருந்தால் ஹலாகாப்படி பேரப்பிள்ளைகள் யார் என்பதை வரப்போகும் மருமகள் தீர்மானிப்பாள். மகள் என்றால் அவளே தீர்மானிக்கிறாள். ரிஃபார்ம் தரும் அங்கீகாரம் அந்த ஜெப ஆலய வாசலோடு நின்றுவிடும். நாளை அவள் கன்சர்வேடிவ் பையனைக் கட்டினால், அவள் மட்டுமல்ல, அவள் பிள்ளைகளும் மதம் மாற வேண்டியவர்கள் ஆகிவிடுவார்கள். கணவரின் சித்தப்பா மகளுக்கு இதுதான் நடந்தது. அம்மா யூதர் இல்லை. பாத் மிட்ஸ்வா எல்லாம் முடித்து யூதராகவே வளர்ந்தவளிடம், கல்யாணப் பேச்சு வந்தபோது, "முதலில் மதம் மாறிவிட்டு வா" என்றார்கள். அவள் அழுததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எட்டு மாதக் குழந்தைக்கு அது ஒரு முழுக்கு. இருபத்தைந்து வயதில், அதுவரை வாழ்ந்த வாழ்க்கையையே இல்லை என்று சொல்வது போல.

இந்த மதமாற்றமும் எல்லா இடத்திலும் செல்லும் என்று சொல்ல முடியாது. எங்கள் மூவர் மன்றம் கன்சர்வேடிவ் மன்றம். இஸ்ரேலில் 1970 திருத்தத்துக்குப் பிறகு யூதரின் பிள்ளையும் பேரப்பிள்ளையும் குடியேறலாம். அதற்கு அப்பா வழியே போதும். ஆனால் அங்கே யூதர் கல்யாணம் ரபிகள் மன்றத்தின் கையில். அவர்களுக்கு ஆர்த்தடாக்ஸ் மதமாற்றம்தான் வேண்டும். அதற்கு வீடே கோஷர் உணவுக்கும் (மதச் சட்டம் அனுமதிக்கும் உணவு) சப்பாத்துக்கும் (வாராந்தர ஓய்வு நாள்) மாற வேண்டும், அநேகமாக நானும்தான். விசாரித்ததோடு விட்டுவிட்டோம், அதனால் அந்த வழியைப் பற்றி அனுபவத்தில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மதமாற்றச் சான்றிதழ் அவள் பிறப்புச் சான்றிதழோடு ஒரே உறையில் இருக்கிறது. இப்போது வயது ஏழு. பன்னிரண்டு ஆகும்போது இந்த மதமாற்றம் வேண்டாம் என்று சொல்லும் உரிமையை ஹலாகாவே அவளுக்குத் தருகிறது. அன்றைக்கு உறையை எடுத்து அவள் கையில் கொடுத்துக் கேட்பதாக இருக்கிறோம்.